சாலையைச் சொல்லிக்கொண்டு போனவர்

காகித ஆலையின் காலைப் பேருந்து வாசலில் வந்து நின்றது. நாற்பத்திரண்டு பேரும் கொட்டாவி விட்டபடியே இறங்கிப் போய்விட்டார்கள். ஓட்டுநர் மட்டும் இருக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஸ்டியரிங்கின் மேல் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, மூடுபனியில் பாதி கரைந்து நின்ற புகைபோக்கியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

"என்னண்ணே, இறங்கலையா? உடம்புக்கு ஏதாவதா?" என்று வாசல் காவலாளி கண்ணாடியைத் தட்டிக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல."

ஒன்றுமில்லை என்பதுதான் விஷயமே. ரயில்வே கேட்டில் நின்றது அவருக்கு நினைவிருந்தது. சரக்கு ரயிலின் கடைசிப் பெட்டி ஆடி ஆடிப் போனதும், கேட் உயர்ந்ததும், முதல் கியர் போட்டதும் நினைவிருந்தது. அதற்கப்புறம் நேராக ஆலை வாசல். நடுவில் ஆற்றுப் பாலம் இருக்கிறது, கரையோரமாக நாலு வளைவுகள் இருக்கின்றன, ஒரு பள்ளிக்கூடமும் மரச்சாமான் கடையும் இருக்கின்றன. பதினோரு நிமிடத் தூரம். அதில் ஒரு நிமிடம்கூட அவரிடம் இல்லை. யாரோ கத்தரித்து எடுத்துவிட்டு இரண்டு முனைகளையும் ஒட்டிவிட்டாற்போல இருந்தது.

தூங்கிவிட்டாரா? தூங்கியிருந்தால் இந்நேரம் எல்லாரும் பாலத்துக்குக் கீழே அல்லவா கிடந்திருப்பார்கள்.

இறங்கி, பேருந்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். முன்பக்கம், பின்பக்கம், சக்கரங்கள் எல்லாம் பார்த்தார். ஒரு கீறல் இல்லை. இருபத்தாறு வருஷமாகவே ஒரு கீறல் இல்லை. ஓட்டுநர்கள் அறையில் அவரைப் பற்றிப் பேச்சு வந்தால் இரண்டே விஷயங்கள்தான் சொல்வார்கள். ஒன்று இந்தக் கீறல் சமாச்சாரம். இன்னொன்று, அவர் வாயைத் திறக்கவே மாட்டார் என்பது. அதனால் அங்கே அவருக்குக் கோட்டான் என்று பெயர். ஊமைக்கோட்டான் என்று ஆரம்பித்தது தேய்ந்து தேய்ந்து கோட்டானாகிவிட்டது. அவரும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டார்.

அடுத்த வாரம் பள்ளிக்கூடம் காணாமல் போயிற்று. அதாவது, அதைத் தாண்டிய ஞாபகம் இல்லை. அன்றைக்குத்தான் அறிவிப்புப் பலகையில் அந்தத் தாளைப் பார்த்தார். அனுபவமுள்ள ஓட்டுநர்களுக்கு மூன்று நாள் மேல்நிலைப் பயிற்சி. பழைய விமான ஓடுதளத்தில்.

போக்குவரத்து மேற்பார்வையாளர் சிரித்துவிட்டார். "அண்ணே, அது இடிச்சவங்களுக்கும் உரசினவங்களுக்கும். நீங்க போனா அவங்கதான் உங்ககிட்டப் பாடம் கேக்கணும்."

"எனக்கு வேணும்."

"அதான் எதுக்குன்னு கேக்கறேன்."

எதற்கு என்று எப்படிச் சொல்வது? பாலத்தைத் தாண்டியது ஞாபகமில்லை என்று சொன்னால் சாவியை வாங்கி ஆணியில் மாட்டிவிடுவார்கள். "சும்மாதான்," என்றார். அவர் வாயிலிருந்து ஒரு வேண்டுகோள் வந்ததே அதிசயமாக இருந்ததால் மேற்பார்வையாளர் மேற்கொண்டு கேட்காமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

ஓட்டுநர்கள் அறை விடுமா? "கோட்டானுக்குக் கடைசி காலத்துல எல் போர்டு மாட்டப் போறாங்கடோய்!" என்று ஒருவர் அட்டையில் பெரிதாக எல் எழுதி அவர் முதுகில் ஒட்டிவிட்டார். வீட்டுக்குப் போனபிறகுதான் மனைவி பார்த்துப் பிய்த்தெடுத்தாள். வீட்டின் முன்னறையில் தையல் கடை வைத்திருப்பவள் அவள். மிதியில் கால் ஓடும்போது வாயும் கூடவே ஓடும்.

"பயிற்சிப் பள்ளிக்கூடமா? போங்க போங்க. அங்கயாவது வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசுங்க. திறந்தா முத்தா உதிர்ந்துடப் போகுது?"

"ம்," என்றார்.

விமானங்கள் வருவது நின்று பல வருஷமாகியிருந்த இடம் அது. கான்கிரீட் வெடிப்புகளில் புல் முளைத்திருந்தது. ஆற்றிலிருந்து எழும்பிய பனி காலை பத்து மணி வரைக்கும் தரையோடு படுத்துக் கிடந்தது. அதற்குள் ஆரஞ்சு நிறக் கூம்புகள் வரிசையாகத் தெரிந்து, கொஞ்ச தூரத்தில் ஒன்றுமில்லாமல் போயின. ஓடுதளம் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று சொல்ல முடியாது. அந்த வெள்ளைக்குள்ளிருந்து கழுத்தில் விசிலோடு ஒரு பெண் நடந்து வந்தாள். நாற்பது வயது இருக்கலாம். அவள்தான் பயிற்சியாளர். பன்னிரண்டு வருஷம் ஆம்புலன்ஸ் ஓட்டியவள்.

பயிற்சிக்கு அவரோடு இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். பால் டேங்கர் ஓட்டும் ஒரு குண்டு மனிதர். கூரியர் வேன் ஓட்டும் ஒரு பெண்.

முதல் காரியமாக, பயிற்சியாளர் அவரைப் பயிற்சிப் பேருந்தில் உட்காரச் சொல்லி, பக்கத்தில் நின்று பார்த்தாள். "எத்தனை வருஷமாண்ணே இப்படி உக்காந்து ஓட்டுறீங்க?"

"இருபத்தாறு."

"இடுப்பு வலிக்குமே?"

வலிக்கும். அந்த வலி வேலையோடு கூடப் பிறந்தது என்று நினைத்திருந்தார். அவள் இருக்கையை மூன்று விரற்கடை முன்னால் தள்ளி, கொஞ்சம் உயர்த்தி, இடப்பக்கக் கண்ணாடியைத் துளி திருப்பினாள். அவ்வளவுதான். கதவுக்குக் கீழே, இத்தனை வருஷமாக அவருக்கு வெறும் இருட்டாக இருந்த மூலையில், ஒரு கைப்பிடிப் புல் தெரிந்தது. புல்நுனியில் ஈரம் தெரிந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அங்க ஒரு ஆள் நிக்கலாம்ணே," என்றாள் அவள் மெதுவாக. "அதான் சொல்றேன்."

அன்று மத்தியானம் சறுக்குத் தளம். வழவழப்பான தரையில் தண்ணீரைப் பாய்ச்சி, நடுவில் ஒரு கூம்பை வைத்திருந்தார்கள். டேங்கர்காரர் முதலில் போனார். வண்டி வழுக்கியதும் பிரேக்கை மிதித்துக்கொண்டு, கூம்பைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டே போய் நேராகக் கூம்பின் மேல் ஏறினார். "இவ்வளவு பெரிய மைதானத்துல ஒரே ஒரு கூம்பு, அதுதான் கிடைச்சுதா உங்களுக்கு?" என்று கூரியர்காரி விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவளும் அதே கூம்பின் மேல்தான் ஏறினாள்.

"பயப்படற இடத்தையே பாத்தா கை அங்கதான் கொண்டுபோகும்," என்றாள் பயிற்சியாளர். "பிரேக்கை விடுங்க. போக வேண்டிய இடத்தைப் பாருங்க. மீதியைக் கை பாத்துக்கும்."

அவர் போனார். பேருந்து ஒரு நொடி யாருடையதும் இல்லாமல் மிதந்தது. கூம்பு அவரைக் கூப்பிட்டது. கஷ்டப்பட்டுக் கழுத்தைத் திருப்பி, பனிக்குள் மங்கலாகத் தெரிந்த ஒரு கம்பத்தைப் பார்த்தார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார். சக்கரம் தரையைப் பிடித்துக்கொண்டது. சாதுவான மாடு தொழுவத்துக்குத் திரும்புவதுபோலப் பேருந்து கம்பத்தைப் பார்த்துப் போயிற்று.

"அற்புதம்!" என்று கத்தினார் டேங்கர்காரர்.

அதுவரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. இரண்டாம் நாள் காலையில் பயிற்சியாளர் சொன்னாள்: "இன்னிக்கு எல்லாரும் சொல்லிக்கிட்டே ஓட்டணும். கண்ணுல என்ன படுதோ, அடுத்து என்ன நடக்கலாம்னு தோணுதோ, நீங்க என்ன செய்யப் போறீங்களோ, எல்லாத்தையும் சத்தமா."

டேங்கர்காரர் அள்ளிவிட்டார். கூரியர்காரிக்கு மூச்சு விடக்கூட நேரமில்லை. கடைசியாக அவருடைய முறை வந்தது. ஊருக்கு வெளியே இருக்கும் ஆளில்லாச் சாலையில் பேருந்தை எடுத்தார். ஒரு நிமிடம் போயிற்று. இரண்டு நிமிடம் போயிற்று.

"அண்ணே, சொல்லுங்க."

"ரோடு," என்றார்.

பின்னால் இரண்டு பேரும் சிரிப்பை அடக்கிக்கொள்வது கேட்டது.

"ரோட்டுல என்ன?"

அவர் பார்த்தார். மரங்கள், கம்பங்கள், ஒரு வேலி எல்லாம் வந்துகொண்டிருந்தன. ஆனால் ஒன்றைச் சொல்வதற்குள் அது பின்னால் போய்விட்டது. கண்ணுக்கும் வாய்க்கும் நடுவில் இருக்க வேண்டிய ஆள் எழுந்து எங்கேயோ போய்விட்டதுபோல இருந்தது. ஓரமாக நிறுத்திவிட்டார்.

தேநீர் இடைவேளையில் ஓடுதளத்தின் விளிம்பில் போய் நின்றுகொண்டார். பயிற்சியாளர் இரண்டு கோப்பைகளோடு வந்து பக்கத்தில் நின்றாள். அவள் ஒன்றும் கேட்கவில்லை. கேட்காததாலோ என்னவோ, அவராகவே சொன்னார். ரயில்வே கேட்டையும் ஆலை வாசலையும் பற்றி, நடுவில் இல்லாமல் போன பாலத்தைப் பற்றி. இருபத்தாறு வருஷத்தில் ஒரே மூச்சில் அவர் பேசிய அதிகபட்சம் அதுவாகத்தான் இருக்கும்.

"என்னிக்கு?" என்று மட்டும் கேட்டாள்.

தேதி சொன்னார். பேருந்தின் முன்னால் ஒரு கேமரா உண்டு. அதில் பதிவாவதை ஆலையில் இரண்டு மாதம் வைத்திருப்பார்கள். பயிற்சிக்கு ஒரு மாதிரி வேண்டும் என்று சொல்லி அவள் அதை வரவழைத்துவிட்டாள். மாலையில், கூம்புகளும் கயிறுகளும் அடுக்கி வைத்திருந்த சின்ன அறையில், மடிக்கணினிக்கு முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள்.

கேட் உயர்ந்தது. பேருந்து தண்டவாளத்தைத் தாண்டியது. பனி. பாலத்தின் கம்பிகள் இரண்டு பக்கமும் ஓசையில்லாமல் பின்னால் போயின. ஆற்றின் மேல் வாத்துகள் ஒரே வரிசையாகப் பறந்து பாலத்தைக் கடந்தன. எட்டு வாத்துகள். அவர் எண்ணினார். இரண்டாவது வளைவில் ஒரு பெண் குழந்தையின் தள்ளுவண்டியோடு சாலையில் இறங்கினாள். அவர் கால் தரையில் பிரேக்கைத் தேடியது. பேருந்தோ சிறு குலுங்கல்கூட இல்லாமல் வேகத்தைக் குறைத்து நின்றது. அவள் கடந்துபோய்த் திரும்பித் தலையசைத்தாள். கண்ணாடியின் பிரதிபலிப்பில் ஒரு கை எழும்பி, பரவாயில்லை போங்க என்பதுபோல அசைந்து, இறங்கியது.

"அது என் கை," என்றார்.

"ஆமாண்ணே."

"எனக்கு இது எதுவுமே தெரியாது."

அவருக்குப் பயமாக இருந்தது. கூடவே, சொல்லத் தெரியாத ஒரு வருத்தமும் இருந்தது. அந்தக் கை எவ்வளவு மரியாதையாக அசைந்தது! அந்த எட்டு வாத்துகளும் அவருக்கு நேர் எதிரேதான் பறந்தன. பார்க்க வேண்டியவர் வீட்டில் இல்லாதபோது வந்துபோன விருந்தாளிகள் மாதிரி. இப்படி இன்னும் எத்தனை போயிருக்கும்? மகள் கல்யாணமாகிப் போகுமுன் அவரோடு சாப்பிட்ட சாப்பாடுகள், மனைவி சொன்ன கதைகள். எல்லாவற்றுக்கும் சரியான இடத்தில் "ம்" போட்டது யார்?

"நீங்க தப்பா ஓட்டலண்ணே," என்றாள் அவள். "உங்க கையும் காலும் பிரமாதமாப் பழகியிருக்கு. அதான் சிக்கல். புதுசா ஓட்டறவனுக்கு இது வராது. அவன் பயத்துல கண்ணைத் திறந்து வெச்சிருப்பான். நம்மள மாதிரி ஆளுங்களுக்குத்தான் வரும். பழகுன விஷயம் வந்தா கை பதில் சொல்லிடும். பழகாதது ஒண்ணு குறுக்க வந்தா, அது யாரைக் கூப்பிடும்? நீங்கதான் அங்க இல்லையே."

அவர் திரும்பிப் பார்த்தார். "நம்மள மாதிரியா?"

"ஆம்புலன்ஸ்ல நோயாளியோட போறப்ப எல்லாம் ஞாபகம் இருக்கும். இறக்கிவிட்டுட்டு வெறும் வண்டியாத் திரும்பி வருவேன் பாருங்க, அப்பத்தான். ஒரு நாள் நிலையத்துல வந்து நின்னேன். வந்த வழியே தெரியல. அன்னிக்கு வண்டிக்குள்ளயே உக்காந்து அழுதேன்." அவள் மடிக்கணினியை மூடினாள். "சொல்லிக்கிட்டே ஓட்டறது வேற ஒண்ணுக்குமில்லண்ணே. நாம வண்டியிலதான் இருக்கோமான்னு கூப்பிட்டுப் பாக்கறதுதான்."

மூன்றாம் நாள் மறுபடி அதே சாலை. பனி முந்தின நாளைவிட அடர்த்தியாக இருந்தது. முன்னால் ஒரு லாரியின் சிவப்பு விளக்குகள் இரண்டு பழங்களாக மிதந்தன. அவர் தொண்டையைச் செருமினார்.

"முன்னால லாரி. அது அந்தக் கம்பத்தைத் தாண்டுது. ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. இப்ப நான் அதே கம்பத்தைத் தாண்டறேன். இன்னும் கொஞ்சம் தள்ளியே போறேன்." குரல் துருப்பிடித்த கதவு மாதிரி இருந்தது. "இடது பக்கம் வேலி. வேலியில ஒரு இடம் திறந்திருக்கு. உள்ள சேறு. சேத்துல புது டயர்த் தடம். அப்ப ஏதோ வண்டி வெளிய வந்திருக்கு, இன்னொண்ணும் வரலாம். காலை எடுத்துட்டேன்."

"நல்லாருக்கு. போங்க."

"வலது பக்கம் ஒரு வீடு. புகை நேரா மேல போகுது, காத்து இல்ல. மரத்தடி ரோடு மட்டும் கறுப்பா இருக்கு, ஈரம். மெதுவா. ஒருத்தர் சைக்கிள் தள்ளிக்கிட்டுப் போறார். ஏறப் போறாரா? பின்னால திரும்பிப் பாக்கல. நான் இருக்கறது அவருக்குத் தெரியாது. விலகறேன்."

சொல்லச் சொல்ல, பனிக்குள்ளிருந்து ஒவ்வொன்றாக வெளியே வந்தது. அவர் பெயர் சொல்லிக் கூப்பிட்ட பிறகுதான் மரம் மரமாகவும் வேலி வேலியாகவும் ஆனதுபோல இருந்தது. மைல்கல், அதன்மேல் ஒரு காக்கை, வாய்க்கால், வாய்க்காலில் மிதந்த ஒற்றைச் செருப்பு. உலகம் வெளியே வரிசையில் நின்று காத்திருந்ததுபோலவும், அவர் வாசலைத் திறந்து ஒவ்வொருவராக உள்ளே விடுவதுபோலவும் இருந்தது. நாற்பது நிமிடம் பேசினார். ஓடுதளத்தில் வந்து நிறுத்தினார். பின்னாலிருந்து டேங்கர்காரர், "யோவ், இவரைப் போய் ஊமைன்னு எவன்யா சொன்னது?" என்றார்.

மறுநாள் முதல் ஆலைப் பேருந்தில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். இருக்கையை மூன்று விரற்கடை முன்னால் தள்ளிக்கொண்டார். முன் இருக்கையில் எப்போதும் உட்காரும் ஆய்வகப் பெண் நாலு நாள் பார்த்துவிட்டு, காதிலிருந்த இயர்போனைக் கழற்றினாள்.

"அண்ணே, யார்கிட்டப் பேசறீங்க?"

"ரோட்டுகிட்ட."

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க. எனக்கும் கேக்கட்டும்."

ஆறாவது வாரம் ஒரு புதன்கிழமை. பனி. மரச்சாமான் கடைக்கு முன்னால் ஒரு உயரமான வேன் நின்றிருந்தது. இருபத்தாறு வருஷத்தில் அங்கே வேன் நிற்காத நாள் உண்டா? பழகிய விஷயம்தான். ஆனால் அவர் சொல்லிக்கொண்டு போனார். "கடை வாசல்ல வேன். டிரைவர் சீட்ல ஆள் இல்ல. வேனுக்குக் கீழ காலு. ரெண்டு... இல்ல, நாலு காலு. ரெண்டு முன்னால பாத்து நடக்குது. ரெண்டு பின்பக்கமா நடக்குது. எதையோ தூக்கிட்டு வராங்க. நிறுத்தறேன்."

நிறுத்தினார். அடுத்த கணம் வேனுக்குப் பின்னாலிருந்து ஒருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நடுச்சாலைக்கு வந்தார். அவர் கையில் ஆளுயர நிலைக்கண்ணாடியின் ஒரு முனை. மறுமுனையைப் பிடித்துக்கொண்டு இன்னொருவர். சாலையை இருவரும் பார்க்கவே இல்லை. கண்ணாடி திரும்பிப் பேருந்துக்கு நேர் எதிரே, நாலடி தூரத்தில் நின்றது.

அதற்குள் பனியும், பனிக்குள் ஒரு பேருந்தும், பேருந்துக்குள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி ஒரு மனிதரும் இருந்தார்கள். கன்னத்தில் நரைத்த முடி, கொஞ்சம் திறந்த வாய். அவருக்குப் பக்கத்தில் ஒரு பெண் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணாடியில் இருந்தவரும் அவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் கண்ணாடி மெல்ல நகர்ந்து, ஆற்றையும் பாலத்தின் ஒரு துண்டையும் காட்டிவிட்டு, எதிர்ப்பக்கம் போய்விட்டது.

"தெரியாம வந்துட்டோம் சார், மன்னிச்சுக்கோங்க!" என்று பின்பக்கமாக நடந்தவர் வெலவெலத்துப்போய்க் கத்தினார்.

"பாத்துப் போங்க," என்று அவர் கை அசைத்தார். தன் கை அசைவதைத் தானே பார்த்தார்.

ஆய்வகப் பெண் ஆலை போய்ச் சேர்வதற்குள் முப்பது பேரிடம் சொல்லிவிட்டாள். சாயங்காலம் ஓட்டுநர்கள் அறையில், அட்டையில் எல் எழுதி ஒட்டியவர் தயங்கித் தயங்கி வந்து, "அந்தப் பயிற்சிக்கு யார்கிட்டப் பேர் குடுக்கணும்?" என்று கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மைத்துனரின் காரை வாங்கிக்கொண்டு வந்து வாசலில் நிறுத்தினார். மனைவி ஊசியில் நூல் கோத்தபடி எட்டிப் பார்த்தாள். "எங்க போறோம்?"

"எங்கயும் இல்ல. சும்மா. நீ வா."

ஏரிச் சாலையில் வண்டியை விட்டார். அவர் சாலையைச் சொல்ல ஆரம்பித்ததும் அவள் முதலில் சிரித்தாள். "எதிர்ல ஒரு ஸ்கூட்டர், வளைவுல அகலமா வருது" என்றால், "வரட்டுமே, வழி விடுங்க" என்றாள். கொஞ்ச நேரத்தில் அவளும் சொல்ல ஆரம்பித்துவிட்டாள். அவள் கண்ணில் வண்டிகளே படவில்லை. கொடிகளில் காயும் துணிகள்தான் பட்டன.

"அந்த மாடியில பாருங்க. சட்டையை ரெண்டு பக்கமும் பிடிச்சுத் தெச்சிருக்கு. அந்த வீட்டுல யாரோ இளைச்சிருக்காங்க, பாவம்."

"ஓடற கார்லேருந்து தையல் தெரியுதா உனக்கு?"

"உங்களுக்கு டயர்த் தடம் தெரியலையா? இதோ, இந்த வீட்டைப் பாருங்க. கவுனோட ஓரத்தைப் பிரிச்சு இறக்கியிருக்கு. பழைய மடிப்பு கோடாத் தெரியுது. பொண்ணு மளமளன்னு வளந்துட்டா."

அவர் பார்த்தார். மஞ்சள் கவுன் ஒன்று காற்றில் கால் இல்லாமல் ஆடிக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் வெளிறாத ஒரு பட்டை இருக்கத்தான் செய்தது. அவள் இன்னும் என்னென்னவோ சொன்னாள். முன்பே சொல்லியிருக்கிறாளோ என்னவோ, அவருக்கு எல்லாம் புதிதாக இருந்தது. இடையிடையே கேள்வி கேட்டார். அவர் கேள்வி கேட்டதும் அவள் ஒரு முறை பேச்சை நிறுத்தி அவர் முகத்தைப் பார்த்தாள்.

ஏரியின் அந்தக் கோடிக்குப் போவதற்குள் வெயில் சாய்ந்து தண்ணீரெல்லாம் வெள்ளித் தகடாகிவிட்டது. அவள் பேச்சு மெதுவாகி, இடைவெளி விட்டு, நின்றது. தலை கண்ணாடிப் பக்கம் சாய்ந்தது. தூங்கிவிட்டாள்.

அவர் வேகத்தைக் கொஞ்சம் குறைத்தார். குரலையும் குறைத்துக்கொண்டார்.

"முன்னால வண்டி இல்ல. இடது பக்கம் தண்ணி. ஒரு படகு, ஆள் இல்லாம, கயித்துல கட்டியிருக்கு. வலது பக்கம் கொடி. வெள்ளை வேட்டி ஒண்ணு, அதுல ஒரு சின்ன ஒட்டு. கைத் தையல். பொடிப் பொடியாப் போட்டிருக்காங்க. நல்ல தையல்."